எட்டுக்கு முப்பத்தொன்பது: ஸ்டாண்டர்டு கெஸல் வரலாற்றில் ஒரு பாடபேதம்

சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு கெஸல் காரைப் பற்றி எங்கே படித்தாலும் மூன்று செய்திகள் சேர்ந்தே வருகின்றன. அது இந்தியாவின் முதல் உள்நாட்டுக் கார். இழுவை போதவேண்டும் என்பதற்காகப் பின் ஆக்ஸிலில் 8.03 என்ற விகிதம் வைத்தார்கள். தொழில் உரிமம் கைவிட்டுப் போகாதிருக்கவே 1972 முதல் 1977 வரை சொற்ப எண்ணிக்கையில் அதைத் தயாரித்து வந்தார்கள். மூன்றும் ஒரே வாசிப்பின் கிளைகள். அதை 'உரிமவாதம்' என்று அழைக்கிறேன். பழைய கார் ஆர்வலர்கள் இதை ஒருவர் சொல்ல இன்னொருவர் வழிமொழிந்து, இன்று ஏறக்குறைய மூலபாடமாகவே ஆகிவிட்டது. என் வாசிப்பு வேறு. முதற்செய்தி இருக்கவேண்டிய இடம் கெஸல் அல்ல. மூன்றாவது பாதி உண்மை. இரண்டாவது, ஏடு பெயர்த்தெழுதியவர் கைப்பிழை போன்ற ஒன்று என்று ஐயுறுகிறேன்.

முன்கதை தெரிந்ததே. 1953-இன் சுங்கவரி ஆணைய (டாரிஃப் கமிஷன்) அறிக்கைக்குப் பிறகு, உதிரிபாகங்களை இறக்கிப் பூட்டி விற்பது மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே செய்யவேண்டும் என்றானதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. உத்தரபாராவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என மூன்று கார் ஆலைகள் மிஞ்சின. சென்னை ஆலை 1961 முதல் 948 சி.சி. இன்ஜினுடன் ஹெரால்டைத் தந்தது. இங்கிலாந்தில் அது டிரையம்ஃப், இங்கே ஸ்டாண்டர்டு. தாய்நாட்டில் 1963-லேயே மறைந்த அந்தப் பெயரை 1980களின் இறுதிவரை சுமந்தது சென்னைதான்.

உரிமவாதம் கவனிக்காமல் தாண்டிப்போவது ஒரு கதவை. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த ஹெரால்டு, இங்கிலாந்தில் இறுதிவரை பக்கத்துக்கு ஒரு கதவோடுதான் வந்தது. முன் இருக்கையை மடக்கிப் பின்னால் நுழையவேண்டும். சேலை கட்டிய பாட்டியையும் பலகாரத் தூக்கையும் அப்படி உள்ளே ஏற்றிப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டாம். 1960களின் பிற்பகுதியில் சென்னை ஆலை அதே காருக்கு நான்கு கதவு வைத்தது. இந்த வடிவம் உலகில் வேறெங்கும் விற்பனைக்கு வந்ததில்லை.

நான்கு கதவு வைப்பது எப்படிச் சாத்தியமானது என்பதற்கான விடை காரின் உடலிலேயே இருக்கிறது. உடற்கூடு செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி.யின் கைக்குப் போனதால், கவென்ட்ரியிலிருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் தாய் நிறுவனத்தார் ஹெரால்டைப் பழைய முறைப்படி தனிச் சேஸிஸ் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கும் காராகவே அமைத்தார்கள். பாரத்தைத் தாங்குவது சேஸிஸ். மேலே இருப்பது சட்டை. சட்டையைப் பிரித்து வேறு அளவில் வெட்டித் தைக்கலாம். கூடே பாரம் தாங்கும் காரில் கதவுக்காகப் பக்கத்தை அறுத்தால் வண்டி நெளியும். அங்கே ஒரு வணிக நெருக்கடிக்குச் செய்த சமாளிப்பு, பத்தாண்டு கழித்து இங்கே ஒரு தனிப்பதிப்புக்கு வழிவிட்டது.

ஆகவே 'முதல்' என்ற பட்டத்தை இந்த வரிசையில் ஏதேனும் ஒரு வண்டிக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், அந்த நாலுகதவு ஹெரால்டுக்குக் கொடுப்பேன். இதற்கு 1968 என்ற ஆண்டு வழங்குகிறது. அதை ஒரு கோடாக இழுக்கத் தயக்கமுண்டு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தேதி பதிவானதைக் காட்டும்; ஆலையை விட்டு வந்ததைக் காட்டாது. அறிவிப்பும் விநியோகமும் ஒரே ஆண்டில் நடந்தன என்பதற்கும் உறுதியில்லை.

இனி உரிமம். 1951-இன் தொழில்கள் சட்டத்தின் கீழ் இயங்கிய ஆலைக்கு அது உயிர்நாடி என்பதை மறுக்கவில்லை. கெஸல் ஏன் நின்றுவிடாமல் ஐந்தாறு ஆண்டு ஓடியது, ஏன் குறைவாக வந்தது என்ற இரண்டுக்கும் உரிமவாதம் பதில் சொல்கிறது. ஏன் மாறியது என்பதற்குச் சொல்வதில்லை. உரிமத்தைக் காப்பதுதான் நோக்கமென்றால், கையிலிருந்த ஹெரால்டையே மாதம் நாலு தட்டிவிட்டிருக்கலாம். அச்சு, தகடு, ஆக்ஸில் என்று செலவு செய்து மாற்றுவானேன்?

விடை பின்சக்கரத்தில் இருக்கிறது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடுபவை; குறுக்கே ஒற்றை ஸ்பிரிங் பட்டை. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து டிக்கியில் சாமானும் ஏறினால், சக்கரங்கள் மேற்புறம் உள்வாங்கிக் கீழ்ப்புறம் விரிந்து நிற்கும். ஓட்டியவர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் இது பிடிக்கவில்லை. கெஸலில் அதை எடுத்துவிட்டுத் திட ஆக்ஸிலைப் பூட்டினார்கள். புதுமை என்று பார்த்தால் பின்னோக்கிய அடிதான். ஆனால் இதைச் செய்யச் சொன்னது டெல்லிக் கோப்பு அல்ல, ஊர்ச்சாலை.

உரிமவாதத்துக்கு முட்டுக்கொடுக்கும் அந்த 8.03-க்கு வருகிறேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹெரால்டின் 13 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் தோராயமாக 1.8 மீட்டர் உருளும். 948 சி.சி. இன்ஜின் முழுத்திறனைக் காட்டுவது நிமிடத்துக்கு 4500 சுற்றில். நான்காம் கியர் நேர் கியர். விகிதம் 8.03 என்றால் அந்தச் சுற்றில் வண்டி மணிக்கு 60 கி.மீ.தான் போகும். அதைத் தாண்ட முனைந்தால் இன்ஜின் அலறும். சொந்தச் செலவில் வாங்கிய ஒரு குடும்பக் காரில், திருப்பூரிலிருந்து கோவை போய்வர எவரும் இதைச் சகித்திருப்பார்களா? 948 சி.சி. ஹெரால்டு சலூனின் மூல விகிதம் 4.875. அதே கணக்கில் மணிக்கு 100 கி.மீ. கிடைக்கிறது.

4.875 எங்கிருந்து வருகிறது? பினியனில் 8 பல், கிரவுனில் 39 பல். 39-ஐ 8-ஆல் வகுத்தால் 4.875. நம் ஊர் உதிரிபாகக் கடையில் கிரவுன் பினியனை யாரும் தசமத்தில் கேட்பதில்லை. பினியனுக்கு இத்தனை, கிரவுனுக்கு இத்தனை என்று பல் எண்ணிக்கையைச் சொல்லித்தான் கேட்பார்கள். ஹெரால்டுக்கு அது 8/39. சாய்கோடு புள்ளியாகி 8.39 என்று ஒரு கையில் இறங்கி, 39 இன்னொரு கையில் 03 ஆகியிருந்தால் நமக்குக் கிடைப்பது 8.03. இதற்கு நிகர் பனியன் தொழிலில் உண்டு: தையல் நூல் கோனில் 2/40 என்று இருப்பதைப் பின்னமாக எடுத்து வகுத்துப் பார்ப்பவர் திருப்பூரில் ஒருவரும் இல்லை. நாற்பதாம் நம்பர் நூல், இரண்டு புரி என்று சிறுவனும் சொல்வான். பனியன் தொழிலுக்கு வெளியே இருப்பவர் அதை 0.05 என்று கட்டுரையில் எழுதிவிட்டால், அடுத்து வருபவர் அதற்கொரு காரணமும் கற்பிப்பார். 'இழுவைக்காக' என்பது அப்படிப் பின்னால் ஒட்டிக்கொண்ட உரை என்பது என் துணிபு.

இந்த ஊகத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. இதே 948 இன்ஜினோடு இங்கிலாந்தில் தொடங்கியது ஸ்டாண்டர்டு அட்லஸ் வேன். அதன் வழித்தோன்றலைச் சென்னை ஆலை ஸ்டாண்டர்டு 20 என்று தயாரித்தது. சரக்கு வண்டிக்குப் பெரிய விகிதம் இயல்பு. வேனுக்குரிய குறிப்பொன்று காரின் குறிப்பில் கலந்திருக்கலாம். பிழையின் வழி அதுவானாலும் எனக்கு ஆட்சேபமில்லை. 8.03 காருடையது அல்ல என்பதே என் வாதம். கெஸலுக்குத் திட ஆக்ஸில் வந்தபோது 39-ம் 8-ம் மாறாமல் நின்றனவா என்பது தனிக் கேள்வி.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த மானின் ஆங்கிலப் பெயரில் கடைசியாக நிற்கும் இரண்டு எழுத்துகள் கெஸலின் பெயர்த்தகட்டில் இல்லை. 1950களிலேயே இங்கிலாந்தின் சிங்கர் நிறுவனம் முழு எழுத்தோடு அதே பெயரில் ஒரு கார் விற்றது. மோதலைத் தவிர்க்கச் சுருக்கினார்களா, ஒலிப்படி எழுதினார்களா? இங்கே என்னிடம் வாதம் இல்லை, சபலம் மட்டும் உண்டு.

விகிதச் சிக்கலைத் தீர்க்க ஆவணக் காப்பகம் தேவையில்லை. கொங்கு நாட்டில் எந்த ஷெட்டிலாவது தார்ப்பாய் மூடிய கெஸல் நின்றால், உடையவர் ஒத்துக்கொண்டால், அரைமணி நேர வேலை. ஆக்ஸில் மாற்றப்படாத வண்டிதானா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பின்பக்கம் ஜாக்கி வைத்து இரு சக்கரத்தையும் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கைபிரேக்கை எடுத்துவிட வேண்டும். டயர்களிலும் புரொபெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஷாஃப்டைக் கையால் 39 சுற்று சுற்றி, இரு சக்கரமும் சுற்றியதைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும். சரியாக எட்டு வந்தால் என் பாடம் நிற்கும். ஐந்துகூட நிறையாவிட்டால், உரிமவாதிகளிடம் அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.