புபேன் கக்கரின் ஓவியங்களில் தன்னுருவும் தன்னிலையும்

உருவ ஓவியம் ஒருவரின் முகச்சாயலைக் காட்டுவதோடு அமையாது. உலகில் அவர்க்குரிய இடத்தையும் காட்டும். தன்பால் ஈர்ப்புடையார்க்கு அவ்விடம் நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 377ஆம் பிரிவால் அவர்தம் உறவைக் குற்றமாக்கிற்று. அந்நிலையில் ஒருவர் தம்மைத் தாமே வரைவது கலைச்செயல் மட்டுமன்று, சான்று பகர்தலுமாம். பரோடாவில் வாழ்ந்த புபேன் கக்கரின் (1934–2003) ஓவியங்கள் இதனை நன்கு விளக்குகின்றன.

பம்பாயிற் பிறந்த கக்கர் பட்டயக் கணக்கர். அறுபதுகளில் பரோடாவிற் குடியேறி, கணக்குத் தொழிலைக் கைவிடாமலே ஓவியராயினார். எழுபதுகளில் கடிகாரம் பழுதுபார்ப்பார், முடிதிருத்துவார் முதலிய எளியோரைக் கடைப் பலகைகளை நினைவூட்டும் வண்ணங்களில் வரைந்தார். அவற்றில் பிறரே காட்சிப்பொருள்; ஓவியர் மறைந்தே நிற்கின்றார்.

1979இல் அவர் இங்கிலாந்தில் சில மாதங்கள் தங்கினார். 1980இல் அன்னையார் மறைந்தார். இவற்றையடுத்து, 1981இல், 'எல்லாரையும் மகிழ்விக்க இயலாது' என்னும் ஓவியம் தோன்றிற்று. மாடத்தில் ஆடையின்றி ஓர் ஆடவர் நிற்கின்றார், அவர் ஓவியரே. அவர் நம்மை நோக்கவில்லை. கீழே தெருவை நோக்குகின்றார். ஆங்கே, ஊரார் சொற்கேட்டு அல்லலுறும் தந்தை, மகன், கழுதை ஆகியோரின் பழங்கதை அடுத்தடுத்த காட்சிகளாக நிகழ்கின்றது. ஊருக்கு அஞ்சி வாழ்வதன் பயனின்மையைக் கதை கூறுகின்றது. அவ்வச்சத்தைக் களைந்தமையை ஆடையற்ற மேனி கூறுகின்றது.

1982இல் வரைந்த 'காசியில் இரு ஆடவர்' இன்னும் ஒருபடி செல்கின்றது. இருவர் ஆடையின்றித் தழுவி நிற்க, அருகே வழிபாடும் அன்றாட வாழ்வும் சிறுசிறு காட்சிகளாக விரிகின்றன. நரைமுடியுடையார் ஓவியரின் சாயலர் என்பர். காதலர் இருவர்க்கும் தனியுலகு படைக்காது, புனித நகரின் நடுவிலேயே இடம் தந்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

அங்ஙனமாயின் முன்னைய ஓவியங்கள் பொய்ம்மையோ எனின், அன்று. பிளாஸ்டிக் மலர்க்கொத்துடன் நிற்கும் ஆடவரை எழுபதுகளில் அவர் தீட்டியதை மீண்டும் காண்க. அவ்வுருவின் தனிமை பின்னைய ஓவியங்களின் ஒளியிலே புதுப்பொருள் பெறுகின்றது. பிறர்மேல் ஏற்றிக் கூறிய ஏக்கத்தையே பின்னர்த் தம்மேல் வைத்துக் கூறினார் எனல் பொருந்தும்.

வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று என உச்சநீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. கக்கர் அதனைக் காணவில்லை. எனினும், சட்டம் இடந்தருதற்கு 36 ஆண்டுகள் முன்னரே அவர்தம் தூரிகை அவ்விடத்தைத் தந்துவிட்டது.