பாகவதரின் 14 படங்களும் கோயம்புத்தூரும்

ஒரு நடிகரின் எல்லாப் படங்களையும் வரிசையாக, ஒன்று விடாமல் பார்த்து முடிப்பது என்று உட்கார்ந்தால் சிவாஜி ரசிகர் பாடு திண்டாட்டம்தான். அவருக்கு 280க்கும் மேல் படங்கள். எம்.ஜி.ஆருக்கு 130ஐத் தாண்டும். ஆனால் தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் என்று எல்லோரும் சொல்லும் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்தவை வெறும் 14. ஒரு செமஸ்டர் லீவிலேயே முடித்துவிடலாம்!

கணக்கு அப்படிச் சொல்கிறது. ஆனால் அந்த 14ஐயும் இன்று யாராலும் பார்த்து முடிக்க முடியாது.

முதலில் பட்டியலைப் பார்ப்போம். பவளக்கொடி (1934), நவீன சாரங்கதாரா, சத்தியசீலன் (இரண்டும் 1936), சிந்தாமணி, அம்பிகாபதி (இரண்டும் 1937), திருநீலகண்டர் (1939), அசோக்குமார் (1941), சிவகவி (1943), ஹரிதாஸ் (1944). இது வரை ஒன்பது. பிறகு நான்கு வருட இடைவெளி. அதன் பின் ராஜமுக்தி (1948), அமரகவி, சியாமளா (இரண்டும் 1952), புதுவாழ்வு (1957). 1959 நவம்பர் 1ஆம் தேதி பாகவதர் காலமானார். கடைசிப் படமான சிவகாமி 1960இல்தான் வெளிவந்தது.

இதில் சிந்தாமணி ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய படம். அந்த லாபத்தில் மதுரையில் சிந்தாமணி என்ற பெயரிலேயே ஒரு தியேட்டர் கட்டினார்கள். தியேட்டர் கட்டும் அளவுக்குச் சம்பாதித்த படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. பாட்டுகள் மட்டும் இசைத்தட்டு வழியாகத் தப்பின. அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது. சுலபமாகத் தீப்பிடிக்கும், சரியாக வைக்காவிட்டால் தானாகவே மட்கிப் போகும். ஓடி முடிந்த படச்சுருளில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கக் கரைத்ததும் உண்டு. அன்றைய வியாபாரத்தில் ஓடி முடிந்த படம் என்பது பழைய இரும்புக் கணக்கு. யாரும் அதைச் சொத்தாகப் பார்க்கவில்லை.

சரி, கிடைப்பதையாவது வரிசையாகப் பார்த்தால் என்ன தெரிகிறது? இங்கேதான் கோயம்புத்தூர் வருகிறது.

பாகவதரின் ஆரம்ப காலத்தில் நிறையத் தமிழ்ப் படங்கள் கல்கத்தா போய் எடுக்கப்பட்டன. அம்பிகாபதியும் அங்கே எடுத்ததுதான். 1930களின் நடுவில் பஞ்சாலைப் பணம் புழங்கிய கோவையில், திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் பக்கம் சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது. சிவகவியும் ஹரிதாஸும் அங்கே உருவானவை. சிவகவியை முடித்துக் கொடுத்தவர் பட்சிராஜா கம்பெனியின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு. ஆக, பாகவதரின் உச்சம் கோவையில் நடந்தது.

ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வந்தது. அடுத்த மாதமே சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்டார். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதாகி, குற்றமில்லை என்று விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945இல் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் வெளியே வந்தார்கள்.

'ஜெயிலுக்குப் போனார், மார்க்கெட் போனது.' பாகவதர் கதையைப் பொதுவாக இப்படி ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் இரண்டு விஷயங்கள் இதில் இடிக்கின்றன.

ஒன்று, அவர் சிறையில் இருந்தபோதுதான் ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. கொலை வழக்கில் உள்ளே இருந்தவரின் படத்துக்குக் கூட்டம் குறையவில்லை. ஜனங்கள் அவரை வெறுத்திருந்தால் டிக்கெட் வாங்கியிருப்பார்களா?

இரண்டு, அதே வழக்கில் அதே தண்டனை பெற்ற கலைவாணர் வெளியே வந்து நன்றாகவே நடித்தார். நல்லதம்பி 1949இல் வந்தது. மணமகளை (1951) அவரே இயக்கினார். ஜெயில்தான் காரணம் என்றால் இருவரும் அல்லவா விழுந்திருக்க வேண்டும்?

அப்படியானால் நடுவில் மாறியது என்ன? விடை பாகவதர் படங்களுக்கு வெளியே, அதே சென்ட்ரல் ஸ்டூடியோவில் இருக்கிறது. ஜூபிடர் நிறுவனம் அங்கே எடுத்த ராஜகுமாரி 1947 ஏப்ரலில் வெளியானது. பாகவதர் விடுதலையான அதே மாதம்! ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கிய அந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன். வசனத்தில் உழைத்தவர் அப்போது இருபத்து சொச்சம் வயதே ஆன மு. கருணாநிதி. பாட்டை நம்பி நின்ற சினிமா, வசனத்துக்கும் வாள் சண்டைக்கும் நகரத் தொடங்கியிருந்தது. கலைவாணர் பேச்சுக் கலைஞர். புதிய காலம் அவருக்கு வசதியாகவே இருந்தது, நல்லதம்பிக்கு வசனம் அண்ணாதுரை. பாகவதரின் பலமோ பாட்டு. பின்னணிப் பாடல் முறை வந்துவிட்ட பிறகு, கதாநாயகனுக்குப் பாடத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமே போய்விட்டது.

ராஜமுக்தியில் பாகவதர் கதாநாயகன், எம்.ஜி.ஆர். துணை வேடம். படம் தோற்றது. 1952இல் அமரகவியும் சியாமளாவும் வந்த அதே வருட தீபாவளிக்குப் பராசக்தி வந்தது. அதற்குப் பிறகு சொல்ல என்ன இருக்கிறது?

சிறை அவரைப் பாதிக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கையில் இருந்த நல்ல வருடங்களையும் உடம்பையும் அது தின்றது உண்மை. ஆனால் அவரைத் தோற்கடித்தது வழக்கு மட்டும் அல்ல. அவர் இல்லாத நேரத்தில் தொழில் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. இது 14 படங்களை மட்டும் பார்த்தால் பிடிபடாது, பக்கத்தில் ஓடிய படங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

நேரம் குறைவாக உள்ளவர்கள் இரண்டே படம் பார்த்தால் போதும். முதலில் சிவகவி. அடுத்து மலைக்கள்ளன் (1954). நாமக்கல் கவிஞரின் நாவல், கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர். நாயகன். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கி, ஆறு மொழிகளில் எடுக்கப்பட்ட கதை. தயாரித்து இயக்கியவர் அதே ஸ்ரீராமுலு நாயுடு. எடுத்த ஊரும் அதே கோயம்புத்தூர், புலியகுளம் பக்கம் இருந்த அவருடைய பட்சிராஜா ஸ்டூடியோ. இரண்டுக்கும் நடுவே பதினொரு வருடம்தான். அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், பாகவதருக்கு என்ன ஆனது என்பது புரிந்துவிடும்.