குரலைத் தேடிச் சென்ற வானொலி

1926 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி டப்ளின் மாநகரிலே சிறியதோர் ஒலிபரப்பு நிலையம் தன் பணியைத் தொடங்கிற்று. 'டூ ஆர் என்' என்பது அதற்கு இடப்பட்ட அழைப்புக் குறி. இதனை விரைந்து உச்சரித்தால் 'ஏரனுக்கு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர்போல ஒலிக்கும். ஏரன் என்பது அயர்லாந்துக்குக் கவிஞர் வழங்கிய பெயர். நிலையத்தைத் திறந்து வைத்தவர் டக்ளஸ் ஹைட். 1893 இல் ஐரிஷ் மொழியைக் காத்தற்பொருட்டுக் கேலிக் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவர் ஒருவர். 1938 இல் நாட்டின் முதற் சனாதிபதியும் ஆனார். அரசியல் விடுதலை கிடைத்து நான்கு ஆண்டுகளே கழிந்திருந்த அந்நாளில், தன் குரலைத் தானே கேட்க வேண்டும் என்ற ஆவல் அந்நாட்டுக்கு இருந்தது.

ஆனால் அக்குரல் யாருடையது? தொடக்கத்திலே ஒலிபரப்பு தபால் தந்தி அமைச்சின் கீழ் நடைபெற்றது. அங்கு வேலை பார்த்தோர் அரசாங்க உத்தியோகத்தர்; 1960 இல் தனியானதோர் அதிகார சபை அமைக்கப்படும்வரை நிலைமை அதுவே. 1920களின் இறுதியில் நிலையம் பொதுத் தபாற் கந்தோர்க் கட்டடத்துக்கு மாறிற்று. 1916 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு வாரத்திலே கிளர்ச்சிக்காரர் தலைமையிடமாகக் கொண்டு போரிட்ட கட்டடம் அது. வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த இடந்தான். எனினும் அதன் மாடியிலிருந்த ஒலிப்பதிவு அறைக்குள் வந்து பேசியோர் பெரும்பாலும் கற்றோரும் கலைஞருமே. மேற்குக் கரையின் மீனவனும், மலைச்சரிவில் ஆடு மேய்த்தவனும், அடுப்படியிலிருந்து கதை சொன்ன மூதாட்டியும் ஒலிவாங்கியின் முன் வரவில்லை. அவர்களிடம் செல்வதற்கு ஒலிவாங்கிக்கும் கால்கள் இருக்கவில்லை.

வானொலி செய்யாததை வேறொரு நிறுவனம் செய்து கொண்டிருந்தது. 1935 இல் ஷேமஸ் ஓ டூலர்கா என்பாரின் தலைமையில் அமைக்கப்பட்ட ஐரிஷ் நாட்டாரியல் ஆணைக்குழு, சேகரிப்பாளர்களை ஊரூராக அனுப்பிற்று. 1937 தொடக்கம் 1939 வரை ஏறத்தாழ 5,000 பாடசாலைகளின் மாணவரைக் கொண்டே அவரவர் பாட்டன் பாட்டியரின் கதைகளைக் கொப்பிகளில் எழுதுவித்தது. முழுநேரச் சேகரிப்பாளர் கொண்டு சென்றது எடிபோன் என்னும் பாரமான கருவி. பேசுவோர் குரலை அது மெழுகு உருளையிற் பதிந்தது. பதிந்ததை அவர்கள் சொல்லுக்குச் சொல் கேட்டு எழுதினர். எழுதி முடிந்ததும் உருளையின் மேற்பரப்பைச் சீவி எடுத்து, அதே உருளையில் அடுத்த கதையைப் பதிந்தனர். புதிய உருளைகளை வாங்கப் போதிய பணம் இல்லை.

ஆணைக்குழுவைக் குறை கூறுதல் எளிது. எழுதப்பட்ட கதைகள் இன்றும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் உள்ளன. அவை பெருஞ் செல்வமே. ஆயினும் அக்கதைகளைச் சொன்ன பலரின் தொனியும், மூச்சு வாங்கிய இடமும், சிரித்து நிறுத்திய இடமும் அந்த மெழுகுச் சீவலோடு போயின. மொழியறிஞனுக்குக் கதை கிடைத்தது. காதுக்குக் குரல் கிடைக்கவில்லை.

1947 ஆம் ஆண்டே திருப்பம் நிகழ்ந்த ஆண்டு. றேடியோ ஏரன் என்று அப்போது வழங்கிய டப்ளின் வானொலி, நடமாடும் ஒலிப்பதிவுப் பிரிவொன்றை அவ்வாண்டிலே நிறுவிற்று. மெல்லிய பூச்சுள்ள தட்டுகளில் ஒலியைக் கீறிப் பதியும் பொறியை ஏற்றிய மோட்டார் வண்டி மேற்குக் கரையின் ஒடுங்கிய வீதிகளிற் செல்லலாயிற்று. ஒரு தட்டிலே சில நிமிடங்களே பதியலாம். நீண்ட கதையை நடுவிலே நிறுத்தி, தட்டை மாற்றி, மறுபடி தொடங்கச் சொல்ல வேண்டும். கதை சொல்லியின் பொறுமையும் பதிவாளரின் சாதுரியமும் ஒருங்கே வேண்டிய வேலை அது.

அவ்வேலைக்குச் சேர்ந்தோருள் ஷேமஸ் எனிஸ் குறிப்பிடத்தக்கவர். 1919 இல் டப்ளினுக்கு வடக்கே பிறந்த இவர், முழங்கைப் பையால் காற்றூட்டி வாசிக்கும் ஐரிஷ் குழலிலே பெருங் கலைஞர். 1942 தொடக்கம் நாட்டாரியல் ஆணைக்குழுவிலே பணி புரிந்தார். யுத்த காலத்துப் பெற்றோல் தட்டுப்பாட்டினால் அவருக்குக் கிடைத்தவை ஒரு துவிச்சக்கரவண்டியும், பேனாவும் கடதாசியும், வாரத்துக்கு 3 பவுண் சம்பளமுமே. கொன்னமாராவின் கார்ணா பகுதியிலே தங்கியிருந்து, பாடுவோர் பாடப் பாட இராகத்தைக் காதாற் பிடித்து இசைக்குறிகளாக எழுதினார். தாமும் வாசிக்க வல்லவராகையால் அவரை எவரும் அந்நியராக எண்ணவில்லை. 1947 இல் வானொலியிற் சேர்ந்தபோது, அவர் முன்பு கடதாசியிலே பிடித்த குரல்களை இனித் தட்டிலே பிடிக்கலாம் என்றாயிற்று. அவருடன் ஷோன் மாக் ரேமன் முதலியோரும் சேர்ந்தனர். 1951 இல் எனிஸ் பி. பி. ஸி. நிறுவனத்துக்குச் சென்றார், பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நாட்டார் பாடல்களைப் பதிந்து ஒலிபரப்பிய அந்நிகழ்ச்சிகள் பல்லாயிரம் நேயரைக் கவர்ந்தன.

அதே 1947 ஆம் ஆண்டிலே கெரிக் கரைக்கு அப்பாலுள்ள பெரிய பிளாஸ்கற் தீவிலே வேறொரு நாடகம் நடந்து கொண்டிருந்தது. ஜனவரியில் அங்கு ஓர் இளைஞன் மூளைக்காய்ச்சலால் மடிந்தான். கடல் கொந்தளித்தமையால் வைத்தியரோ குருவானவரோ தீவை அடைய இயலவில்லை. கரையோடு தொடர்பு கொள்ளவென வைக்கப்பட்டிருந்த வானொலித் தொலைபேசியும் வேளைக்கு உதவவில்லை. ஏப்ரில் மாதத்திலே தீவார், புயலாற் சூழப்பட்டு உணவின்றி இருப்பதாகப் பிரதமர் டி வலெராவுக்குத் தந்தி அனுப்பினர். யூலையில் அவர் நேரிற் சென்று பார்த்தார். 1953 நவம்பர் 17 ஆந் திகதி, எஞ்சியிருந்த 22 பேரைக் கரையேற்றும் பணி தொடங்கிற்று.

இத்தீவின் பெருமை அதன் கதைசொல்லிகளாற் பெறப்பட்டது. அவருள் பெக் ஸேயர்ஸ் என்னும் மாது 1873 இல் கரையோர ஊரிலே பிறந்து, தீவிலே வாழ்க்கைப்பட்டு, தன் வாழ்க்கை வரலாற்றை மகன் எழுத வாயாற் சொன்னவர். அந்நூல் 1936 இல் வெளியாயிற்று. அதனைப் பாடநூலாகப் படித்த ஐரிஷ் மாணவர் பலர், சதா துயர் பேசும் கிழவியாகவே அவரை நினைவு கொண்டனர். அவ்வெண்ணம் அவருக்கு இழைத்த அநீதி என்பது, 1947 முதல் வானொலியாளர் வந்து பதிந்த அவருடைய குரலைக் கேட்டால் விளங்கும். முதுமையிலே கண்ணொளி குன்றி, டிங்கிள் நகர் வைத்தியசாலையிலே இறுதி நாட்களைக் கழித்த அம்மாது 1958 இல் மறைந்தார். அவர் குரற்பதிவுகள் 2009 ஆம் ஆண்டிலே நூலோடு இணைந்து வெளிவந்தன. அச்சிலே இறுகியிருந்த மூதாட்டி ஒலியிலே நகைச்சுவையும் மிடுக்கும் உடையவராக எழுந்து நின்றார்.

பதிந்த குரல்களை எவ்வாறு கோப்பது என்பதும் ஒரு கலை. பெல்பாஸ்றிலே பிறந்து, மதகுருவாகப் பணியாற்றிப் பின்னர் பி. பி. ஸி. நிறுவனத்திற் சேர்ந்த கவிஞர் டபிள்யூ. ஆர். ரொட்ஜர்ஸ் இதிலே புது வழி கண்டார். யேட்ஸ், ஜோய்ஸ் முதலிய எழுத்தாளரைப் பற்றி அவர்களை அறிந்தவர்களைத் தனித்தனியே பேசவைத்துப் பதிந்தார். பின்னர் அப்பேச்சுகளை வெட்டி ஒட்டி, எல்லோரும் ஓரறையில் அமர்ந்து வாதாடுவது போன்ற உரைச்சித்திரங்களை ஆக்கினார். ஒருவர் புகழ்ந்ததும் மற்றவர் மறுப்பார்; உண்மையில் அவர்கள் சந்தித்தே இருக்கமாட்டார்கள். உண்மைக் குரல்களைக் கொண்டு நிகழாத உரையாடலை ஆக்குவது தகுமா என்ற ஐயம் எழுவது நியாயமே. ஆனால் முரண்பட்ட சாட்சிகளை அருகருகே வைத்து, தீர்ப்பை நேயரிடம் விட்ட இம்முறை, ஒருவரே யாவும் அறிந்தவர்போல விளக்குவதிலும் நேர்மையானது.

இனி, பேசப்பட்டும் பூட்டப்பட்ட குரல்கள். 1947 இல் அமைந்த இராணுவ வரலாற்றுப் பணியகம் பத்தாண்டுகளாக விடுதலைப் போரிலே பங்குகொண்டோரிடம் 1,773 வாக்குமூலங்களைத் திரட்டிற்று. குரற்பதிவுகளோ பன்னிரண்டு மாத்திரமே. அனைத்தும் 83 இரும்புப் பெட்டிகளில் அரசாங்கக் கட்டடத்திலே பூட்டி வைக்கப்பட்டன. 2003 இலேயே அவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. சாட்சியம் அளித்தோர் அதற்குள் மறைந்துவிட்டனர். வானொலியின் வாயும் சில வேளை அரசாற் கட்டப்பட்டது. 1972 நவம்பரில், தலைமறைவு இயக்கத் தலைவர் ஒருவருடன் நடந்த செவ்வியை ஆதாரமாகக் கொண்ட அறிக்கையை ஒலிபரப்பியமைக்காக, அதிகார சபை முழுவதையும் அரசாங்கம் நீக்கிற்று. இத்தகைய இயக்கங்களின் பேச்சாளரை ஒலிபரப்பலாகாது என்ற தடை 1994 ஜனவரி வரை நீடித்தது.

அரசின் ஆணையைவிடக் கடுமையானது ஊராரின் மௌனம். 1984 ஜனவரி 31 ஆந் திகதி, லோங்பர்ட் பகுதியிலுள்ள கிரனாட் என்னும் சிற்றூரிலே, பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி தேவமாதாவின் கெபியருகே தனியாகக் குழந்தை பெற்று, குழந்தையோடு தானும் மாண்டாள். செய்தி வெளிவந்ததும் கே பேர்ன் நடத்திய காலை வானொலி நிகழ்ச்சிக்கு நாடெங்கிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன. எழுதியோருட் பலர், தம் கணவருக்கும் கூறாத பழைய இரகசியங்களை வெளியிட்ட பெண்கள். பெப்ரவரி 23 ஆந் திகதி அக்கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்பட்டன. கலைநுணுக்கம் எதுவும் இல்லை. வகையால் அதனை உரைச்சித்திரம் எனவுங் கூற இயலாது. ஆயினும் ஐரிஷ் வாழ்க்கையின் உண்மைக் கதைகளை அந்த ஒரு காலைப்பொழுதைப் போல வேறெந்த ஒலிபரப்பும் அதுவரை நாட்டின் முன் வைத்ததில்லை.

ஒன்றை மறத்தலாகாது. அன்று ஒலித்தவை அறிவிப்பாளர் குரல்களே. எழுதிய பெண்கள் பெயரின்றி, குரலுமின்றி இருந்தனர். 1992 இலே, டப்ளின் அனாதை இல்லமொன்றிலே வளர்ந்த ஒரு பெண்மணி அதே நிகழ்ச்சியில் அமர்ந்து, தாம் சிறுமியாக இருந்தபோது அனுபவித்தவற்றைத் தம் சொந்தக் குரலிலே, தம் சொந்தப் பெயரோடு கூறினார். அவரைப் போல வளர்ந்தோர் பலர் பின்னர் பேசத் துணிந்தனர். தொலைக்காட்சியும் அதனைத் தொடர்ந்து எடுத்துக் கொண்டது. 1999 மே மாதத்திலே பிரதமர் பேர்டி அஹேர்ன், அத்தகைய இல்லங்களில் துன்புற்ற பிள்ளைகளிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். அவ்வேளை அப்பிள்ளைகளிற் பலர் நரை கண்ட முதியோர்.