அடுக்கினுள் அடுக்கு: தற்சுழற்சி கணினிக்குள் வந்த வரலாறு

ஒருவரது சொத்து பங்கிடப்படும் முன்னரே வாரிசுகளுள் ஒருவரும் இறந்துவிட்டால், அவருக்குரிய பங்கே தனியொரு சொத்தாகி, அவருடைய வாரிசுகளிடையே மீண்டும் பங்கிடப்பட வேண்டும். ஃபராயிள் நூல்கள் இதனை ‘முனாஸகா’ என்னும் தலைப்பில் ஆராய்கின்றன. ஒரு பங்கீட்டினுள் இன்னொரு பங்கீடு. இரண்டிற்கும் விதி ஒன்றே. கணினி இயலார் ‘ரிகர்ஷன்’ என்றும், தமிழில் ‘தற்சுழற்சி’ என்றும் வழங்கும் முறையும் இத்தகையதே.

இம்முறை கணினி மொழிகளில் எளிதாக இடம்பெற்றுவிடவில்லை. 1957இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு துணைநிரல் தன்னைத்தானே அழைக்க வழியில்லை. எண்களை வரிசையாகக் கணக்கிடுவதற்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

1958 கோடையில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் மெக்கார்த்தி, இயற்கணிதக் கோவைகளை வகையிடும் நிரல் ஒன்றை எழுத முனைந்தார். கூட்டலுக்குள் பெருக்கல், பெருக்கலுக்குள் மற்றொரு கூட்டல் என அமைந்த அக்கோவைகளின் ஆழத்தை முன்கூட்டிக் கூற இயலாது. வகையிடும் விதியோ, ‘ஒவ்வோர் உறுப்பையும் இதே விதியால் வகையிடுக’ எனத் தன்னையே சுட்டுகிறது. மாறியையோ மாறிலியையோ அடையும்போதுதான் ஓய்கிறது. தரவின் அமைப்பே நிரலின் அமைப்பைத் தீர்மானித்ததை நாம் இங்குக் காண்கிறோம்.

அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் எம்.ஐ.டி.யில் லிஸ்ப் மொழிக்கான பணி தொடங்கிற்று. தன்னை அழைக்கும் நிரல், பாதியில் நிற்கும் தன் கணக்கை எங்கே வைத்துச் செல்வது? அதற்கென நினைவகத்தில் ஓர் அடுக்கு ஒதுக்கப்பட்டது. கடைசியாக வைத்தது முதலில் எடுக்கப்படும்.

லிஸ்ப் கோவைகளை மதிப்பிடும் ‘இவால்’ என்னும் சார்பினையும் மெக்கார்த்தி வரையறுத்தார். அது கோட்பாட்டு விளக்கமேயன்றி இயந்திரத்தில் இயக்குவதற்கன்று என்பது அவர் எண்ணம். உடன் பணியாற்றிய ஸ்டீவ் ரஸ்ஸல், அதனை ஐ.பி.எம். 704 கணினியின் இயந்திர மொழியில் எழுதி இயக்கிக் காட்டினார். மெக்கார்த்தியின் ஆய்வுரை 1960 ஏப்ரலில் வெளிவந்தது. அல்கோல் 60 மொழியும் தற்சுழற்சிக்கு இடமளித்தது. ஃபோர்ட்ரானோ, ஃபோர்ட்ரான் 90 என்னும் பதிப்பில்தான் அதனை ஏற்றது.

இன்று கோப்புறைக்குள் கோப்புறையாகத் தேடும் நிரல்கள் இம்முறையைக் கையாள்கின்றன. ஒவ்வோர் அழைப்பிலும் சிக்கல் சிறிதாக வேண்டும். முடியும் இடமும் வரையறுக்கப்பட வேண்டும். இன்றேல் அடுக்கு நிரம்பி நிரல் நின்றுவிடும். மரபுக் கல்வியையும் கணினிக் கல்வியையும் இருவேறு உலகங்களாகக் கருதும் நம் மாணவர்க்கு, முனாஸகா கணக்கு ஒன்றே இம்முறையின் முதற்பாடமாக அமையலாம்.