திருநாதர்குன்றின் ஐம்பத்தேழு நாளும் குளுக்ககானும்

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் உள்ள நிசீதிகைக் கல்வெட்டு, அதாவது நோன்பிருந்து உயிர்விட்ட சமணத் துறவியின் நினைவுக் கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரிகர் ஐம்பத்தேழு நாள் அனசனம் (உண்ணாநோன்பு) நோற்று உயிர் நீத்ததைப் பதிவு செய்கிறது. அதன் எழுத்தமைதி பற்றி நிறையவே எழுதியாயிற்று. எண் மட்டும் ஐயத்துக்குரியதாகவே இருந்துவருகிறது: ஒன்று, அது பக்தி மிகுதியில் கூட்டிச் சொன்னது, இல்லையேல், உணவைப் படிப்படியாகக் குறைத்த காலத்தையும் சேர்த்த கணக்கு. இந்த ஐயத்துக்கு அடியில் ஓர் உடலியல் எண்ணம் கிடக்கிறது. பட்டினியை நடத்துவது குளுக்ககான் என்னும் ஹார்மோன். அது கல்லீரலை ஓயாமல் சர்க்கரை செய்யவைக்கும். அதற்காகத் தசை கரைந்துகொண்டே போகும். மெலிந்த துறவியின் உடல் எட்டு வாரம் தாங்காது. முதல் சில நாள்களுக்கு இந்த எண்ணம் பொருந்தும். அதற்கு மேல் பொருந்தாது.

குளுக்ககான் கணையத்தின் ஆல்பா செல்களில் சுரப்பது. 29 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. கல்லீரலில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜனை அது உடைக்கச் செய்கிறது. ஒருநாள் பொழுதில் அந்த இருப்பு பெரும்பாலும் தீர்ந்ததும், அமினோ அமிலங்களிலிருந்து புதிதாகச் சர்க்கரை செய்யத் தூண்டுகிறது. மார்லிஸ், உங்கர், காஹில் முதலியோர் 1970இல் வெளியிட்ட அளவீடுகளே இங்கு முடிவானவை. பட்டினியின் மூன்றாம் நாள் இரத்தத்தில் குளுக்ககான் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று; பிறகு இறங்கி, பட்டினிக்கு முந்தைய அளவை ஒட்டியே வாரக்கணக்கில் நின்றது. அந்த மூன்றாம் நாள் ஏற்றமும் சுரப்பு பெருகியதால் வந்ததன்று, ஹார்மோன் இரத்தத்திலிருந்து நீங்கும் வேகம் தணிந்ததால் வந்தது என்பதை 1976இல் வந்த ஆய்வு காட்டியது. ஆக, நெடும்பட்டினியில் உண்மையில் மாறுவது இன்சுலின்தான். அது வீழ்ந்தே கிடப்பதால், குளுக்ககான் சாதாரண அளவில் இருந்தாலும் கல்லீரலில் அதன் கை ஓங்கியிருக்கிறது.

புரதக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். எழுபது கிலோ எடையுள்ள ஆணின் உடலில் எரிபொருளாகக் கூடிய புரதம் சுமார் 6 கிலோ. அதில் பாதி போனால் உயிர் தங்குவது அரிது. பட்டினியின் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 75 கிராம் அளவில் புரதம் கரைகிறது. அதே வேகம் நீடித்தால் நாற்பதாம் நாளே முடிவு. ஐந்தாறு வாரம் உண்ணாதிருந்தவர்களின் சிறுநீரில் வெளியேறும் நைட்ரஜனை அளந்தபோதோ, கரைவு 20 கிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. காரணத்தை 1967இல் ஓவன், காஹில் குழுவினர் கண்டனர்: மூளை தன் எரிபொருள் தேவையில் பாதிக்கு மேல் கீட்டோன்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இன்சுலின் வீழ்வதால் கொழுப்பு அவிழ்கிறது; அதைக் கீட்டோனாக்கும் வழியைக் கல்லீரலில் திறந்துவைப்பதில் குளுக்ககானுக்குப் பங்குண்டு. தைராய்டு ஹார்மோனின் செயல்மிகு வடிவமும் குறைந்து, மொத்தச் செலவே சுருங்குகிறது. அதன் பிறகு நாளைத் தீர்மானிப்பதில் கொழுப்பின் கையிருப்பே முந்திநிற்கிறது.

அளவீடுகள் பெரும்பாலும் பருத்த உடலினரிடம் எடுக்கப்பட்டவை என்ற மறுப்பு எழக்கூடும். 1981இல் வட அயர்லாந்துச் சிறையில் உண்ணாநோன்பிருந்து இறந்த பத்துப் பேரும் பருத்தவர்களல்லர். நீரும் உப்பும் மட்டுமே கொண்டு 46 முதல் 73 நாள் வரை இருந்தனர். 1952 டிசம்பரில் சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு இறந்தது 58ஆம் நாள். இவற்றுக்கு நடுவில் 57 இயல்பாகவே உட்காருகிறது. நீர் மட்டும் தவிர்க்க முடியாதது. 1987இல் நல்லூரில் நீரையும் விலக்கிய திலீபன் பன்னிரண்டாம் நாளில் இறந்தார். சல்லேகனை என்னும் சமண உண்ணாநோன்பு முறையிலும் உணவு, பால், மோர், வெந்நீர் என ஒவ்வொன்றாகவே விலகுகின்றன. நீர் கடைசியில்தான் விடப்படுகிறது.

குறைத்துண்ட காலமும் 57க்குள் அடங்கியது என்ற வாசிப்பை முற்றிலும் மறுக்க இயலாது. ஆனால் நாள்தோறும் சிறிது பாலோ மோரோ உள்ளே போயிருந்தால் உடல் இன்னும் நெடுநாள் தாங்கியிருக்க வேண்டும். அப்போது 57 மிகையாவதற்குப் பதில் குறைவாகிவிடுகிறது. உடலியல் கல்வெட்டை மெய்ப்பிக்காது என்பது உண்மையே. எண்ணை நம்ப மறுக்கும் காரணத்தை அது எடுத்துவிடுகிறது.

நோன்பின் நடுவே பசி அடங்குவதை விளக்க, குளுக்ககானின் உடன்பிறப்பான ஜிஎல்பி-1 இப்போது இழுத்துவரப்படலாம். இரண்டும் ஒரே புரோகுளுக்ககானிலிருந்து வெட்டப்படுபவை. வெட்டும் இடம் கணையத்தில் ஒன்று, குடலின் எல் செல்களில் வேறு. ஜிஎல்பி-1 பசியைத் தணிப்பது மெய். ஆனால் அது பெருகிச் சுரக்க உணவு குடலைத் தொட வேண்டும். உண்ணாதவரிடம் அடித்தள அளவிலேயே நிற்கும்.  பசி மங்குவதற்கு அதைவிடக் கீட்டோன்களே பொருத்தமான விடை.

அதே குன்றில் பிற்கால எழுத்தில் இருக்கும் மற்றொரு கல்வெட்டு இளைய பட்டாரரின் முப்பது நாள் அனசனத்தைச் சொல்கிறது. சடங்கெண் என்ற ஐயம் எழ வேண்டுமானால், ஒரு முழு மாதமாக அமைந்த அந்த எண்ணின்மேல்தான் எழ வேண்டும். 57 எந்த விரதக் கணக்கிலும் அடங்குவதில்லை. முப்பதுக்கும் உடலியல் இடம் தருகிறது: முதுமையோ நோயோ கொழுப்பு வற்றிய உடலோ நாளைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். இருவரின் வயதையும் கல் சொல்லவில்லை.