மொபைல்: நான்கே ஆண்டுகள் ஓடிய நீராவிக் கார்

அமெரிக்காவில் நீராவிக் கார்களை விற்ற மொபைல் கம்பெனி 1899 முதல் 1903 வரைதான் இருந்தது. அதைத் தொடங்கிய ஜான் பிரிஸ்பன் வாக்கர் பொறியாளர் அல்ல. ‘காஸ்மோபாலிட்டன்’ பத்திரிகையின் உரிமையாளர். ஒளிப்படத் தகடு தயாரித்து வந்த இரட்டையர்களான ஸ்டான்லி சகோதரர்களின் கார் தொழிலை 1899இல் இரண்டரை லட்சம் டாலருக்கு அவர் வாங்கினார். பணத்துக்குத் தார்ச்சாலைத் தொழிலதிபர் ஆம்சி பார்பரைக் கூட்டுச் சேர்த்தார். கூட்டு விரைவிலேயே முறிந்தது. பார்பர் ‘லோகோமொபைல்’ என்ற பெயரில் தனியே போனார். ஒரே வண்டி இரண்டு பெயர்களில் சந்தைக்கு வந்த வேடிக்கை இப்படித்தான் நேர்ந்தது.

இருக்கைக்கு அடியில் நின்ற கொதிகலனுக்குள் முந்நூறுக்கு நெருக்கமான செப்புக் குழாய்கள். அழுத்தத்தில் வெடிக்காதிருக்க வெளியே பியானோக் கம்பி சுற்றப்பட்டிருந்தது. பெட்ரோல் அடுப்பு நீரைக் காய்ச்ச, இரட்டை உருளை இயந்திரத்தின் விசை சங்கிலி வழியே பின்னச்சுக்குச் சென்றது. சத்தம் குறைவு, கியர் மாற்றும் தொல்லையும் இல்லை. ஆனால் நீராவியைக் குளிர்வித்து மீட்கும் அமைப்பு இல்லாததால் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது. வாங்குவோரைச் சலிப்படையச் செய்தது இதுவே எனலாம்.

பெட்ரோல் கார்கள் தேறிவர, 1903இல் வாக்கர் கடையைக் கட்டினார். லோகோமொபைலும் அதே காலத்தில் பெட்ரோலுக்கு மாறிவிட்டது. ஹட்சன் ஆற்றங்கரையில், டாரிடவுன் அருகே இருந்த மொபைல் ஆலை மேக்ஸ்வெல்-பிரிஸ்கோ கம்பெனிக்குப் போனது. பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே 1996 வரை கார்களைத் தயாரித்தது.