சரிவில் தகுதி: கல்லூரி டவுன்ஹில் சாம்பியன்ஷிப் தேர்வு விதிகளும் பழனிமலைச் சூழலும்

முன்னுரை

பல்கலைக்கழக விளையாட்டில் தகுதி விதி என்றதும் வயதுச் சான்று, சேர்க்கைச் சான்று, முதல்வர் கையொப்பமிட்ட படிவம் ஆகியவையே நினைவுக்கு வரும். ஒருவர் மாணவரா இல்லையா என்பதை அவை உறுதிசெய்யும். களத்தில் இறங்கும் திறன் அவருக்கு உண்டா என்பதைச் சொல்லா. பெரும்பாலான விளையாட்டுகளில் இந்தக் குறை தீங்கு விளைவிப்பதில்லை. நூறு மீட்டர் ஓட்டத்தில் பயிற்சி போதாதவர் கடைசியாக வருவார், அவ்வளவுதான். மலைச்சரிவில் மிதிவண்டியை முழு வேகத்தில் இறக்கும் டவுன்ஹில் பந்தயத்தில் பயிற்சி போதாதவர் எல்லைக்கோட்டுக்கே வராமல் போகலாம்.

ஆகவே டவுன்ஹில்லில் தகுதி விதிக்கு இரண்டு வேலைகள் உண்டு. பாதுகாப்பாக இறங்கக்கூடியவர் யார் என்று காண்பது ஒன்று. அவர்களுள் வேகமானவரைத் தெரிந்தெடுப்பது மற்றொன்று. இன்று நடைமுறையில் உள்ள தேர்வு முறைகள் இவ்விரண்டையும் ஒரே கடிகாரத்திடம் ஒப்படைக்கின்றன, அல்லது முதல் வேலையை அடியோடு விட்டுவிடுகின்றன. இரண்டையும் பிரித்து வைத்தால்தான் கல்லூரி அளவில் இப்பந்தயத்தை நேர்மையாகவும் ஆபத்துக் குறைவாகவும் நடத்த முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம். கொடைக்கானலை உள்ளடக்கிய பழனிமலை அதற்குச் சோதனைக் களமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. கல்லூரி டவுன்ஹில்லுக்கு இங்கே நிலைத்த மரபு இன்னும் உருவாகவில்லை. விதிகளைத் தொடக்கத்திலேயே சரியாக வகுக்க அது ஒரு வாய்ப்பு.

பந்தயத்தின் இயல்பு

உலக மிதிவண்டிச் சங்கமான யூசிஐ 1990இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டுராங்கோ நகரில் நடத்திய முதல் அதிகாரபூர்வ மவுண்டன் பைக் உலக சாம்பியன்ஷிப்பிலேயே டவுன்ஹில் இடம்பெற்றது. கிராஸ் கன்ட்ரியில் எல்லாரும் ஒன்றாகப் புறப்படுவார்கள். டவுன்ஹில்லில் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுப் புறப்படுவார்கள். குறைந்த நேரத்தில் இறங்கியவர் வெல்வார். தடத்தின் நீளம் 1,500 மீட்டருக்கும் 3,500 மீட்டருக்கும் இடையிலும், ஓட்ட நேரம் 2 நிமிடத்துக்கும் 5 நிமிடத்துக்கும் இடையிலும் இருக்க வேண்டும் என்பது யூசிஐ வரையறை. முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட் கட்டாயம். 2 கிலோமீட்டர் தடம் 300 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று கொண்டால் சராசரிச் சரிவு நூற்றுக்குப் பதினைந்து ஆகும். வேரும் பாறையும் ஈரமண்ணும் கலந்த தரையில் இந்தச் சரிவு எப்படியிருக்கும் என்பதை மலைப்பாதையில் நடந்தவர்களே அறிவார்கள்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது கிராஸ் கன்ட்ரி மட்டுமே. டவுன்ஹில் இன்றுவரை ஒலிம்பிக்கில் இல்லை. அரசு நிதியும் பயிற்சி முகாம்களும் ஒலிம்பிக் பிரிவுகளையே நாடிச் செல்வதால் டவுன்ஹில் ஓட்டுநர்கள் பெரும்பாலும் தம் செலவில்தான் வளர்கிறார்கள். ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இது அயலான விளையாட்டு அன்று. 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் கேரளத்தின் பொன்முடியில் நடந்தது. அதே மலைத்தொடரின் கிழக்குக் கிளைதான் பழனிமலை.

மூன்று தேர்வு முறைகள்

முதலாவது, உலகக் கோப்பை முறை. 2025 பருவத்தில் ஆடவர் பிரிவின் முதல் தகுதிச் சுற்றில் முந்திய 20 பேர் நேரே இறுதிக்குச் சென்றார்கள். மற்றவர்கள் இரண்டாம் சுற்றில் எஞ்சிய 10 இடங்களுக்குப் போட்டியிட்டார்கள். மகளிர் பிரிவில் அதே வரிசையில் 10, 5 இடங்கள். முதல் ஓட்டத்தில் விழுந்தவருக்கு இன்னொரு வாய்ப்புத் தருவது இதன் சிறப்பு. குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. தகுதிச் சுற்றில் வேகமானவர் இறுதியில் கடைசியாகப் புறப்படுவார். இடையில் வானிலை மாறினால் தண்டனை அவருக்கே. 2017இல் பிரான்சின் லூர்து நகரில் நடந்த உலகக் கோப்பையில் இதுவே நடந்தது. முன்னதாக இறங்கிய அலெக்சாந்தர் ஃபயோல் வென்றார். தகுதிச் சுற்றில் முன்னிலை பெற்றிருந்தவர்கள் மழையிலும் காற்றிலும் சிக்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது, அமெரிக்கக் கல்லூரி முறை. அங்கே கல்லூரி மிதிவண்டிப் பந்தயங்களை நடத்துவது யூஎஸ்ஏ சைக்கிளிங் என்னும் தேசியச் சங்கம். மாணவர்கள் வட்டார அளவிலான தொடர் பந்தயங்களில் ஓட்டித் தேசியப் போட்டிக்கு வருகிறார்கள். பல்கலைக்கழக ஆதரவு பெற்ற அணிகளுக்கும் மாணவர்களே நடத்தும் கிளப் அணிகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. வளம் மிகுந்தவரையும் குறைந்தவரையும் ஒரே தட்டில் நிறுத்தாத இந்தப் பிரிப்பு கவனிக்கத்தக்கது. டுராங்கோவில் உள்ள ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி இந்த அமைப்பில் புகழ்பெற்ற அணிகளுள் ஒன்று. டுராங்கோ சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள சிறு மலைநகரம். கொடைக்கானலின் உயரம் சுமார் 2,100 மீட்டர். மலையூர்க் கல்லூரி ஒன்று இவ்விளையாட்டின் தாயகமாகலாம் என்பதற்கு அது சான்று.

மூன்றாவது, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏஐயூ வளர்த்த முறை. கல்லூரிகளுக்கிடையே போட்டி நடத்திப் பல்கலைக்கழகம் தன் அணியைத் தேர்ந்தெடுக்கும். குழு விளையாட்டுகளில் அந்த அணி மண்டலப் போட்டி வழியாக அகில இந்தியப் போட்டிக்குப் போகும். இங்கே தேர்வின் அலகு ஓட்டுநர் அல்லர், பல்கலைக்கழகம். மாநிலமெங்கும் நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகளைக் கொண்ட அண்ணா பல்கலைக்கழகத்துக்கும், ஒரே வளாகத்தில் இயங்கும் காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் இம்முறை சம எண்ணிக்கையில் இடம் தரும். பங்கேற்பைப் பரவலாக்க அது உதவும். ஆனால் முதல் அணியில் இடம் கிடைக்காத தேர்ந்த ஓட்டுநர் வீட்டில் இருக்க, ஆள் இல்லாத குறைக்குச் சேர்க்கப்பட்டவர் சரிவின் உச்சியில் நிற்கும் நிலையையும் அதுவே உண்டாக்கும்.

பழனிமலை வைக்கும் சோதனைகள்

முதல் சோதனை காலம். கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி தொடங்கிக் கோடை மழை வரும்வரை காட்டுத்தீ அச்சம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கி மாண்ட பின் காட்டுப் பாதைகளுக்கான கட்டுப்பாடு இறுகியது. நவம்பரிலும் ஏப்ரலிலும் பருவத் தேர்வுகள். கோடை விடுமுறையில் சுற்றுலா நெரிசல். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவைப்படுகிறது. இவற்றைக் கழித்தால் எஞ்சுவது ஜனவரி மட்டும்தான். அமெரிக்கக் கல்லூரிகள் போல வார இறுதிதோறும் ஓட்டிப் புள்ளி சேர்க்கும் தொடர் இங்கே நடைமுறைக்கு ஒவ்வாது. கிடைப்பது ஒரு பந்தயம், மிஞ்சினால் இரண்டு. தகுதிச் சுற்றும் அதற்குள் அடங்க வேண்டும்.

இரண்டாம் சோதனை தடம். மேல்மலையின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் பெரும்பாலும் 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகின்றன. அதன் பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். அங்கே பந்தயத் தடம் வெட்டுவதை இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை. பூட்டிய சக்கரம் கீறும் மண் அடுத்த மழையில் ஓடையாகும். காட்டெருமைகள் நடமாடும் பாதையில் வேகப் பந்தயம் இருதரப்புக்கும் தீங்கு. பொருத்தமான இடம் கீழ்மலைதான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களில், உரிமையாளர் ஒப்புதலோடு, ஜீப் ஏறக்கூடிய எஸ்டேட் பாதைகளை ஒட்டித் தடம் அமைக்கலாம். ஐரோப்பியப் பனிச்சறுக்கு மலைகளைப் போல வண்டியை மேலேற்றும் கம்பித்தூக்கி இங்கில்லை. ஜீப்பில் ஏற்றி இறக்குவதால் ஒரு நாளில் ஒருவர் ஓடக்கூடிய ஓட்டங்கள் குறைவு. பயிற்சி ஓட்டமே அரிய பண்டமாகும்போது அதை யார் எத்தனை முறை பெற்றார் என்பதும் தகுதி விதியின் பகுதியாகிவிடுகிறது.

மூன்றாம் சோதனை வளம். முன்னும் பின்னும் ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் கொண்ட டவுன்ஹில் வண்டியின் விலை சில லட்சங்கள். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் வண்டி அதில் சிறு பங்கு. சென்னை, கோவை மாணவர் சிலரிடம் வண்டி உண்டு, சரிவு இல்லை. மலையூர் மாணவருக்குச் சரிவு உண்டு, வண்டி இல்லை. ஒரே பட்டியலில் இருவரையும் நிறுத்தும் விதி, ஓட்டும் திறனை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு பணப்பையை அளக்கிறது.

மகளிர் பிரிவு தனிக் கவனம் கோருகிறது. 1984இல் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. மலையுச்சியில் வளாகம் கொண்ட மகளிர் பல்கலைக்கழகத்துக்கு இவ்விளையாட்டில் இயற்கையான முன்னுரிமை உண்டு. தொடக்க ஆண்டுகளில் மகளிர் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். ‘முதல் பதினைந்து பேர்’ என்னும் இட எண்ணிக்கை விதி, பன்னிரண்டு பேரே வரும் போட்டியில் எதையும் வடிகட்டாது.

முன்மொழிவு: இரண்டு வாயில்கள்

முதல் வாயில் இறக்கச் சான்று. கடிகாரத்துக்கு இங்கே வேலையில்லை. தடத்தை நடந்து பார்த்தபின் ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு பயிற்சி ஓட்டங்களை முடிக்க வேண்டும். இதை யூசிஐ விதியும் கட்டாயமாக்குகிறது. அத்துடன் செங்குத்து இறக்கம், வேர்ப்பரப்பு, கூர்வளைவு, சிறு குதிப்பு ஆகிய குறித்த நான்கு இடங்களில் இரண்டு நடுவர்கள் நின்று, பிரேக் பிடிக்கும் முறையையும் பாதைத் தேர்வையும் பார்த்துத் தேர்ச்சி அல்லது மறுதேர்வு என்று மட்டும் குறிக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எட்டுப் போட்டுக் காட்டுவதைப் போன்றது இது. அங்கே வேகமாக எட்டுப் போட்டவருக்குக் கூடுதல் உரிமம் தருவதில்லை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியிலேயே இச்சான்றை வழங்கலாம். அந்தக் கல்வியாண்டுக்கு மட்டும் அது செல்லும்.

இரண்டாம் வாயில் நேரம். இங்கே இட எண்ணிக்கைக்குப் பதிலாக விழுக்காட்டு வரம்பு வேண்டும். ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தில் 1996இல் வந்து, 2002க்குப் பின் கைவிடப்பட்டு, 2011இல் மீண்ட 107 விழுக்காட்டு விதி இதற்கு முன்னோடி. முதலிடம் பெற்றவரின் நேரத்தை விட ஏழு விழுக்காட்டுக்கு மேல் பின்தங்கியவர் தகுதி இழப்பார். ஆனால் ஒரே ஓட்டுநரை அளவுகோலாக்கினால், தேசிய அளவில் தேர்ந்த ஒருவர் வந்தாலே மற்ற அனைவரும் வெளியேற நேரும். ஆகவே வேகமான மூவரின் சராசரியை அளவாகக் கொண்டு, கல்லூரி அளவுக்கு 125 விழுக்காடு என வரம்பு வைக்கலாம். மூவர் சராசரி 3 நிமிடம் என்றால் 3 நிமிடம் 45 வினாடிக்குள் இறங்கிய அனைவரும் தகுதி பெறுவர். பன்னிரண்டு பேர் வந்தாலும் அறுபது பேர் வந்தாலும் இந்த அளவுகோல் பொருள் இழக்காது. ஹார்ட்டெயிலுக்குத் தனிப் பிரிவும் அதற்கெனத் தனிச் சராசரியும் வேண்டும்.

ஒருவருக்கு இரண்டு ஓட்டம்; சிறந்த நேரமே கணக்கு. கொடைக்கானல் மூடுபனி கால் மணி நேரத்தில் தடத்தை மறைத்துவிடும் என்பதால் புறப்பாட்டு வரிசையைப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்து, இரண்டாம் ஓட்டத்தில் குழு வரிசையைத் தலைகீழாக்கலாம். நடுவில் வானிலை மாறியதாக நடுவர் அறிவித்தால், வரம்பை அந்தந்தக் குழுவுக்குள் மட்டும் கணக்கிட வேண்டும். லூர்து அநீதிக்கு இது எளிய மருந்து.

மறுப்புகளும் விடைகளும்

விழுக்காட்டு வரம்பு சிறு பல்கலைக்கழகங்களை ஒதுக்கிவிடும் என்று கூறலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலிருந்தும் முதல் வாயிலைக் கடந்த ஓட்டுநர் ஒருவருக்கேனும் இறுதியில் இடம் உறுதி என்று சேர்த்தால் ஏஐயூ முறையின் பரவல் நோக்கம் காக்கப்படும். பாதுகாப்பு தனியாக உறுதிசெய்யப்பட்டதால் இச்சலுகை ஆபத்தாகாது. இரண்டு வாயில்களைப் பிரிப்பதன் பெரும்பயன் இதுவே.

நடுவரின் கண்மதிப்பு ஒருதலையாகலாம் என்பது இரண்டாவது மறுப்பு. நடுவர்கள் இருவரும் ஓட்டுநரின் பல்கலைக்கழகத்தைச் சாராதவராக இருப்பதும், தேறாதவருக்கு அன்றே மறுதேர்வு தருவதும் இக்குறையைப் பெரிதும் குறைக்கும். இரண்டு ஓட்டங்களுக்கு நேரம் போதாது என்பது மூன்றாவது. நாற்பது பேர் ஒரு நிமிட இடைவெளியில் புறப்பட்டால் ஓர் ஓட்டம் 40 நிமிடமும் சில நிமிடங்களும் ஆகும். ஜீப்பில் மேலேற்ற ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினாலும், காலை ஏழரைக்குத் தொடங்கினால் மதிய மூடுபனிக்கு முன் முடிக்கலாம்.

முடிவுரை

இட எண்ணிக்கையும் ஒற்றைக் கடிகாரமும் சமதள விளையாட்டுகளின் மரபு. சரிவுக்கு அவை போதா. இறங்கும் திறனைத் தனியே சான்றளித்து, வேகத்தை விழுக்காட்டால் அளந்து, வண்டியின் விலையைப் பிரிவுகளால் சமன்செய்து, வானிலையைக் குழுக்களால் ஈடுகட்டும் விதியே பழனிமலை போன்ற இடத்துக்குப் பொருந்தும். ஏஐயூவும் தமிழகப் பல்கலைக்கழகங்களின் உடற்கல்வித் துறைகளும் முதல் போட்டியை அறிவிக்கும் முன் இவ்விதிகளை விவாதித்து எழுத்தில் வகுக்க வேண்டும். விபத்து நேர்ந்த பிறகு விதி எழுதுவது நம் நாட்டு விளையாட்டு நிர்வாகத்தின் பழைய வழக்கம். இந்த ஒரு விளையாட்டிலாவது அதை மாற்றிக்கொள்ளலாம்.